கீட்டோவில் நாங்கள் தேடியது

பிள்ளைகள் இருவரும் வீட்டை விட்டுப் போன பிறகு, வருடத்துக்கு ஒரு பயணம் போவது என்று நானும் கணவரும் பேசி வைத்திருந்தோம். இடத்தைத் தெரிவு செய்வது எப்போதும் நான்தான். அந்த முறை ஈக்குவடோர். பனி மூடிய எரிமலை, அமேசன் காடு, உள்ளே தங்கத் தகடு வேய்ந்த பழைய தேவாலயங்கள், பூமத்திய ரேகையில் ஒரு நினைவுத்தூண். எல்லாம் ஒரே சின்ன நாட்டுக்குள் இருந்தன. மொன்றியலுக்குப் பக்கத்தில், எங்கள் புரோசார்ட் வீட்டின் சமையலறை மேசையில் கணினியைத் திறந்து அவருக்குப் படங்களைக் காட்டினேன். வெளியே பெப்ரவரிப் பனி கொட்டிக்கொண்டிருந்தது.

தலைநகரான கீட்டோவின் நடுவே ஒரு குன்று. அதன் உச்சியில் இறக்கை உள்ள மாதா சிலை. அந்தப் படம் வந்ததும் அவர் என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உந்த மாதாவை எனக்குத் தெரியும். யன்னலாலை பார்த்துக்கொண்டு இருந்தனான்."

சண்டைக் காலத்தில் கனடாவுக்கு வரும் வழியில், காசு வாங்கிக் களவாக ஆட்களை அனுப்பும் ஏஜென்சிக்காரன் அவரைத் தென்னமெரிக்காவில் எங்கோ மாதக்கணக்கில் வைத்திருந்தான் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் அவர் சொன்னதில்லை, நானும் கிண்டியதில்லை. அன்றுதான் சொன்னார். ஒரு மாடி அறைக்குள் பத்துப் பன்னிரண்டு பேர். வெளியே போகத் தடை. அவரோடு ஒரே போர்வையில் படுத்தவன் ஒரு மன்னார்ப் பெடியன். கத்தோலிக்கன். விடிந்ததும் யன்னலடியில் முழங்காலில் நின்று அந்தச் சிலையைப் பார்த்துச் செபிப்பானாம். அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பொலிஸுக்குப் பயந்து ஏஜென்சிக்காரன் நாளைக் கடத்தினான். வைத்தியசாலைக்குக் கொண்டு போனபோது பிந்திவிட்டது. அங்கிருந்த பாதிரியார் ஒருவரின் தயவில் நகரத்து மயானத்தில் அடக்கம் செய்தார்கள். கூடப் போக இவர் ஒருவரைத்தான் விட்டார்கள்.

அந்தப் பெடியனின் தங்கை எங்களுக்குப் பக்கத்து ஊரான லொங்குய்யில் இருக்கிறாள். கலியாண வீடுகளில் அவளைக் கண்டால் இவர் ஏன் ஒதுங்கி நிற்பார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

"போவம். கல்லறையை ஒரு படமாவது எடுத்துக்கொண்டு வந்து அவளுக்குக் குடுக்கலாம்," என்றார்.

கியூபெக்கின் ஓய்வுபெற்ற தம்பதிகள் நிறைந்த ஒரு குழுவோடு போனோம். பூமத்திய ரேகையில் ஒரு காலை வடக்கிலும் ஒரு காலைத் தெற்கிலும் வைத்து எல்லோரும் படம் எடுத்தார்கள். நானும் நின்றேன். ஒத்தவாலோ சந்தையில் அல்பாக்கா கம்பளிச் சால்வை வாங்கினேன். கோட்டோபாக்சி எரிமலை முகிலுக்குள் ஒளிந்திருந்து, நாங்கள் பஸ்ஸில் ஏறிய பிறகு ஒரு கணம் வெண்மையாகத் தெரிந்தது. குழுவில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். அவர் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. பூசிய தங்கத்தில் சுவரெல்லாம் மின்னிய அந்தப் பெரிய தேவாலயத்தில் கடைசி வரிசை வாங்கில் இருந்துகொண்டு, தன் காலடியையே பார்த்தார்.

குழுவுக்கு ஓய்வு கொடுத்த நாளில், எங்கள் வழிகாட்டியான பெண்ணைக் கேட்டு, அவளையும் கூட்டிக்கொண்டு மயானத்துக்குப் போனோம். அங்கே கல்லறைகள் நிலத்தில் இல்லை. உயரமான சுவர்களில், தபால் பெட்டிகள் மாதிரி அடுக்கடுக்காக மாடங்கள். அவருக்குச் சுவர் நினைவிருந்தது. மூலையில், மேலிருந்து இரண்டாவது வரிசை. ஆனால் அந்த மாடத்தில் புது மாபிள். வேறொரு கிழவியின் படம். பிளாஸ்டிக் ரோசாக்கள்.

மயானக் காவலாளி சொன்னதை வழிகாட்டி எங்களுக்கு மொழிபெயர்த்தாள். மாடங்கள் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் கொடுக்கப்படும். உறவினர் வந்து புதுப்பிக்காவிட்டால் எலும்புகளை எடுத்துப் பொதுக்குழியில் சேர்த்துவிடுவார்கள். அவன் நல்லவன். எங்களைக் கூட்டிக்கொண்டு போய்க் குழியையும் காட்டினான். புல்லுக்கு நடுவே ஒரு சீமெந்து மூடி. என் கணவர் கொண்டுவந்த பூக்களை அதன் மேல் வைத்தார். படம் எடுக்கவில்லை. திரும்பும் வழியில் என்னிடம், "புதுப்பிக்க ஒருத்தரும் வரமாட்டினம் எண்டு எனக்குத் தெரியும்தானே," என்று மட்டும் சொன்னார்.

மொன்றியலுக்கு வந்து இரண்டு கிழமை அவர் பெடியனின் தங்கைக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவள் வீட்டுக்கு வரும் நேரம் பார்த்துப் போனோம். தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். அவர் எதையும் மறைக்கவில்லை. ஒரே போர்வையையும் சொன்னார், குழியையும் சொன்னார். அவள் அழவில்லை. கோப்பையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவ்விடம் குளிரோ அண்ணை?"

"ஓம். பகலிலை வெயில். விடியக்காலமை நல்லாக் குளிரும்."

அவள் தலையாட்டினாள். துடைத்த கோப்பையைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அம்மா சாகுமட்டும் அவனுக்கெண்டு ஒரு கல்லறை இருக்குது எண்டுதான் நினைச்சுக்கொண்டு இருந்தவ. நல்ல காலம், அப்பிடியே போயிட்டா," என்றாள்.

நாங்கள் எழும்பும்போது, கார்த்திகையில் மரித்தோருக்குக் கொடுக்கும் பூசைக்கு வரச் சொல்லி அவரிடம் கேட்டாள். போனோம். சைவக் கோவில் வழக்கம் மட்டுமே தெரிந்த மனிதர், எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல் பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். பாதிரியார் பெயர்களை வாசித்தார். மன்னார்ப் பெடியனின் பெயர் வந்தபோது எல்லோரும் வாங்குகளில் இருந்தார்கள். இவர் மட்டும் எழும்பி நின்றார். நான் சட்டையைப் பிடித்து இழுக்கவில்லை.