புரட்டாசி விரதம் இருந்த கோழிகள்

புரட்டாசி பிறந்துவிட்டால் பாப்பாயி வீட்டில் கோழிக்குஞ்சுகளும் விரதம் இருக்கும். பொய்யில்லை, புதுச்சத்திரத்தில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பார்க்கலாம்.

ராசிபுரத்துப் பக்கம் தறிக்காரர் வீட்டில் பிறந்து செங்கோட்டையனுக்கு வாக்கப்பட்டு வந்தவள் பாப்பாயி. எழுபத்தி நாலில் ஐம்பது குஞ்சோடு தொடங்கி, நாலே வருடத்தில் ஐந்நூறாக்கினாள். தீவனம் அவள் கைக்கலவைதான்: மக்காச்சோளம், தவிடு, கடலைப் புண்ணாக்கு, கருவாட்டுத் தூள். ஆனால் புரட்டாசி முழுக்க நைனாமலைப் பெருமாளுக்காக வீட்டில் கவிச்சி கிடையாது. தீவன அறையோ சமையலறையை ஒட்டினாற்போல. கருவாடு மட்டும் எப்படி உள்ளே வரும்?

அதனால் ஆவணியில் விட்ட குஞ்சுகள் வருடாவருடம் புரட்டாசியில் வளராமல் நின்றுபோகும். இறகு முளைக்காமல் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தும். போன வருடத்துக் குஞ்சுகளைப் பார்த்து வௌவால்கள் சொந்தம் கொண்டாட வந்ததாக ஊரில் பேச்சு.

செங்கோட்டையனுக்கு லாரி ஆசை. இந்தக் குஞ்சுகளும் தேறாவிட்டால் ஐப்பசியில் ஓடு வேய்ந்த கோழிக் கொட்டகையைப் பிரித்து லாரி நிறுத்த இடம் பண்ணப்போவதாகச் சொல்லிவிட்டான். கொட்டகை போனால் பாப்பாயிக்குப் பேரும் போகும். மற்ற இடத்திலெல்லாம் அவள் செங்கோட்டையன் ஊட்டுக்காரி. கொட்டகைக்கு வருகிறவர்கள்தான் பாப்பாயி என்று பேர் சொல்லிக் கேட்டு வந்தார்கள்.

புரட்டாசி இரண்டாம் வாரம் தடுப்பூசி போட வந்த கால்நடை டாக்டர் வெள்ளியங்கிரி, ஒரு பிடி தீவனத்தை அள்ளி முகர்ந்து பார்த்தார்.

"கருவாடு எங்கீங்க்கா?"

"பொரட்டாசிங்களே, சாமி."

"கோழிக்குமா?"

"நாங்க வாயக் கட்டிக்கிட்டு இருக்கையில அதுகளுக்கு மட்டும் என்னங்க வந்துச்சு?"

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு விளக்கினார். புண்ணாக்கில் புரதம் உண்டு. ஆனால் மெத்தியோனின், லைசின் என்ற இரண்டு சத்து அதில் குறைச்சல். இத்தனை நாளும் கருவாடுதான் அந்தக் குறையை அடைத்து வந்தது.

"பாவு இருக்குதுங்க, ஊடை இல்ல. துணி எப்படிங்க வரும்?" என்றார். தறிச் சத்தத்தில் பிறந்தவளுக்கு அது போதும்.

இரண்டு சத்தையும் பொடியாகவே வாங்கிக் கொடுத்தார். தொழிற்சாலையில் செய்வது, மீன் வாசமே படாதது என்று சத்தியமும் செய்தார். ஆனால் மெத்தியோனின் பொட்டலத்தைப் பிரித்ததும் குப்பென்று ஒரு நாற்றம். டாக்டரை நம்புவதா, மூக்கை நம்புவதா? பாப்பாயி ஒரு சிட்டிகையை இலையில் வைத்துப் பூனைக்கு முன்னால் தள்ளினாள். சேலத்து பஸ்ஸில் கருவாட்டுக் கூடை ஏறினால் பல மைல் தள்ளி ஆண்டகளூர் கேட் தாண்டுவதற்குள் மோப்பம் பிடித்துவிடுகிற பூனை அது. முகர்ந்தது, தும்மியது, போய்விட்டது. சைவம்தான்.

பொடியை அப்படியே கொட்டினால் ஒரு மூலைக் குஞ்சுகளே தின்று தீர்த்துவிடும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். முதலில் ஒரு படி சோளமாவில் கலந்து, பிறகு குவியலில் தூவி, நாலு தரம் புரட்டினாள்.

ஐப்பசியில் செங்கோட்டையன் இரண்டு ஆட்களை ஏணியோடு கூட்டிக்கொண்டு வந்தான். பாப்பாயி தலை நிமிராமல் தீவனத் தொட்டியை நிரப்பிக்கொண்டிருந்தாள். அவன் ஒரு குஞ்சைத் தூக்கினான். முதுகு முழுக்க இறகு. நெஞ்சில் சதை பிடித்திருந்தது. இன்னொன்றைத் தூக்கினான். பிறகு கடைசி மூலைக்குப் போய் அங்கேயும் இரண்டைத் தூக்கிப் பார்த்தான்.

"ஏணி எங்கீங்க போடறது?" என்று ஆட்கள் கேட்டார்கள்.

செங்கோட்டையன் மனைவி பக்கம் திரும்பினான்.

"ஏம் பாப்பாயி, ஓடு எங்க ஒழுகுது? காட்டு, மாத்திப் போடட்டும்."