பல் கிளினிக்கில் அப்பாவின் மடக்குக் கத்தி

அப்பா இறந்த பிறகு அவருடைய மடக்குக் கத்தி எனக்கு வந்தது. மலேசியாவின் கேரி தீவில் எஸ்டேட் கிராணியாகக் கணக்கெழுதிக்கொண்டிருந்த காலத்தில் அதை அவர் சட்டைப்பையிலிருந்து எடுத்து வைத்ததே இல்லை. ஓய்வுபெற்று பிரிக்பீல்ட்ஸில் என் வீட்டுக்கு வந்தபின் எல்லாப் பிறந்தநாள் கேக்கையும் அதுதான் வெட்டியது. மான்கொம்புக் கைப்பிடி என்பார். வெள்ளைக்கார துரையின் காலைச் சுற்றிய மலைப்பாம்பைத் தாத்தா துரையின் கத்தியாலேயே வெட்டினாராம். துரை அதை அவருக்கே கொடுத்துவிட்டாராம். விரல் நீளக் கத்தியால் மலைப்பாம்பை எப்படி வெட்ட முடியும் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

கிள்ளானில் நினைவு ஜெபம் முடிந்து சாப்பிட உட்கார்ந்தபோது, போதகர் முன்னாலேயே சித்தப்பா அதை மறுத்தார்.

"அது ஜப்பான் காலத்துக் கத்திம்மா. உங்க தாத்தா ஒரு பெட்டைக் கோழியக் குடுத்து ஜப்பான்காரன்கிட்ட மாத்திக்கிட்டாரு. பாம்பெல்லாம் உங்கப்பா சேத்தது."

மாலை போட்ட படத்துக்குள்ளிருந்து அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. கத்தியின் வயதைக் கண்டுபிடித்தே தீருவது என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்கு அருகில் பழம்பொருள் விற்கும் சீனர் ஒருவர் இருந்தார். கத்தி அலகின் அடிப்பகுதியில் செய்தவரின் முத்திரை இருக்கும், ஆனால் துருவும் வெண்ணெயும் அதை மூடியிருக்கின்றன என்றார். உள்ளே இன்னொரு அலகு திறக்காமல் இறுகிக் கிடந்தது. உப்புத்தாள் மட்டும் போட்டுத் தேய்க்காதீர்கள், வயதும் சேர்ந்து போய்விடும் என்று எச்சரித்தார். சித்தப்பாவுக்கு போன் செய்து இதைச் சொன்னபோது அவர் ஏற்கெனவே உப்புத்தாள் வாங்கி வைத்திருந்தார்.

கடைசியில் வழி சொன்னவள் கிள்ளானில் பல் டாக்டராக இருக்கும் என் அத்தை மகள். கருவிகளைச் சுத்தம் செய்ய அவளிடம் ஓர் இயந்திரம் உண்டு. தண்ணீரை அதிரவைத்தே அழுக்கை எடுத்துவிடும். சனிக்கிழமை மதியம் நோயாளிகள் போனபின் வரச் சொன்னாள். சித்தப்பா சபைக்குப் போகும் சட்டையில் வந்திருந்தார்.

இறுகிய அலகு உள்ளே உடைந்திருக்கிறதா என்று முதலில் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம் என்றார் சித்தப்பா. நோயாளியைப் பதிவு செய்யாமல் எக்ஸ்ரே மெஷின் ஓடாதாம். நர்ஸ் பெயர்ப் பகுதியில் 'கத்தி' என்று அடித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"டேட் ஆஃப் பெர்த் போடாம கம்ப்யூட்டர் விடாது ஆன்டி."

"அதத் தெரிஞ்சிக்கத்தாம்மா வந்திருக்கோம்" என்றேன்.

சித்தப்பா ஜப்பான் காலத்தில் ஒரு தேதி சொன்னார். நான் அதற்கு வெகுகாலம் முந்திய ஒன்றைச் சொன்னேன். வாக்குவாதம் முற்றவே, பொதுவாக இருக்கட்டும் என்று சித்தப்பாவின் பிறந்த தேதியையே போட்டார்கள். அடுத்து, எதுவும் ஒத்துக்கொள்ளாதா என்று கம்ப்யூட்டர் கேட்டது. தண்ணீர் என்று சித்தப்பா வெகு கவனமாகப் பதில் சொன்னார்.

படத்தில் வெறும் வெள்ளைக் கட்டிதான் தெரிந்தது. இரும்புக்குள் எதுவும் தெரியாது என்பது எனக்கு முன்பே தெரியும், நீங்கள் இருவரும் அவ்வளவு ஆசையாக நின்றதால் மறுக்க மனம் வரவில்லை என்றாள் அத்தை மகள்.

பிறகு கத்தியை இயந்திரத்தில் போட்டாள். தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியது. வெளியே எடுத்தபோது இறுகிய அலகு தானாகத் திறந்துகொண்டது. அது அலகே இல்லை, போத்தல் திறப்பான். வாழ்நாள் முழுக்க மதுவிலக்குப் பிரசங்கம் செய்த அப்பாவின் பையில் போத்தல் திறப்பான்.

"சோடாவுக்கு இருக்கும்லா" என்றார் சித்தப்பா.

அத்தை மகள் பூதக்கண்ணாடி மாட்டிக்கொண்டு கைப்பிடியைக் கொக்கியால் தட்டினாள். மான்கொம்பு இல்லை, பிளாஸ்டிக் என்றாள். பொய்ப்பல் கட்டுபவளுக்குத் தெரியாதா. பிறகு அலகில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தாள். கிள்ளானில் ஓர் உரக் கம்பெனி, அன்பளிப்பு, டெலிபோன் நம்பர். இன்றைய நம்பர்களை விட அதில் இலக்கங்கள் குறைவு. அப்பா கிராணியாக இருந்த வருடங்களில் உரம் விற்க வந்த யாரோ கொடுத்துவிட்டுப் போன இலவசக் கத்தி.

எனக்கு வருத்தம் வந்திருக்க வேண்டும். சிரிப்புதான் வந்தது. அப்பா இறந்தபின் அன்றுதான் முதல்முறையாக, நோயாளி நாற்காலியில் சாய்ந்து கண்ணீர் வரும்வரை சிரித்தேன்.

சித்தப்பா சிரிக்கவில்லை. "துரையே பின்னால உரக் கம்பெனி ஆரம்பிச்சிருக்கலாம்லா. அண்ணன் பொய் சொல்ற ஆள் இல்ல" என்று மெல்லச் சொன்னார். உடனே போனை எடுத்து, நர்ஸ் சொன்னபடி முன்னால் சில எண்களைச் சேர்த்து அந்த நம்பரை அழைத்தார்.

எடுத்தது ஷா ஆலமில் திரைச்சீலை தைக்கும் ஒரு மலாய்ப் பெண்மணி. சித்தப்பா மலாயில் அண்ணன் இறந்ததில் தொடங்கி மலைப்பாம்பு, கோழி வரை சொன்னார். அந்த அம்மாள் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் கூறினார். உரம் பற்றித் தனக்கு எதுவும் தெரியாது என்றவர், பேச்சுவாக்கில் உங்கள் வீட்டு ஜன்னல் எவ்வளவு அகலம் என்று விசாரித்தார். சித்தப்பா போனைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

அடுத்த வாரம் அந்த அம்மாளே வந்து திரைச்சீலை மாட்டிவிட்டுப் போனார். பச்சைத் துணியில் மஞ்சள் பூ. மாலை வெயில் இப்போது சித்தப்பா வீட்டு ஹாலுக்குள் வருவதில்லை.