வாலில் போட்ட இரண்டு வெட்டு

நான் எவ்வளவு பெரிய மடையன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்ததாகப் பெருமைப்பட்டுக்கொள்ளக் கூடாது. வெட்டிய வால் திரும்ப வளர்வதை ஆராய வந்தவன் நான். மீனை அடையாளம் தெரிந்துகொள்ள அதன் வாலிலேயே வெட்டுப் போட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், பாளையங்கோட்டைக் கல்லூரி ஒன்றில் விலங்கியல் எம்.ஃபில். படித்துக்கொண்டிருந்தேன். வண்ணமீன் கடையில் விற்கும் வரிக்குதிரை மீன்தான் என் ஆராய்ச்சி. சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. நீலக் கோடுகள் தலையிலிருந்து வால்வரை ஓடும். ஐஸ் தண்ணீரில் விட்டு, மரத்துப்போனதும் பிளேடால் வால் துடுப்பில் பாதியை நறுக்க வேண்டும். அது வளர்வதை நாள்தோறும் நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். மரத்துப்போகும்வரை காத்திருக்க எனக்கு ஏது பொறுமை? பல மீன்களைத் துடிக்கத் துடிக்கவே நறுக்கினேன். ஜங்ஷனில் ஓடுகிற பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிக்கிறவன் மாதிரி துள்ளுகிறது என்று சொல்லி நண்பர்களைச் சிரிக்கவும் வைத்தேன்.

எதிர் மேசையில் எனக்கு மூத்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் இருந்தார். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவர் மீன்களை முட்டையிலிருந்தே தான் கலந்த தீவனத்தில் வளர்த்து, தோலும் கோடுகளும் எப்படி உருவாகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தொகுதியில் பன்னிரண்டு மீன்கள். அவற்றின் தோலையும் பார்த்து எழுதிவிட்டால் முனைவர் பட்டம். ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய பதிவுக் காலம் முடிய இரண்டு மாதமே இருந்தது. தங்கையின் பிரசவத்துக்கு ஏரல் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

"ஏலே, எம் மீனுக்குத் தீவனம் போட்டு, தண்ணிய மாத்திப் பாத்துக்க. வேற எதையும் தொடாத."

மறுநாள் என் தொட்டி கீறல் விட்டு ஒழுகியது. டவுனுக்குப் போய் வேறு தொட்டி வாங்கச் சோம்பல். புதிதாக வாங்கி இன்னும் நறுக்காமல் வைத்திருந்த என் பதினாறு மீன்களையும் அக்காவின் தொட்டியிலேயே விட முடிவு செய்தேன். கலந்துவிடாதா என்று கேட்பீர்கள். அதற்குத்தான் என் மூளை இருக்கிறதே. கங்கைகொண்டான் பக்கம் எங்கள் வீட்டில் ஆடுகள் உண்டு. ஊர் ஆடெல்லாம் ஒன்றாக மேயும். எங்கள் ஆட்டுக்கு இடது காதில் இரண்டு வெட்டு. ஒரு நாளும் ஆடு மாறியதில்லை. அதே கணக்கில் என் மீன் ஒவ்வொன்றின் வாலிலும் இரண்டு வெட்டுப் போட்டு உள்ளே விட்டேன்.

மூன்று வாரம் அந்தத் தொட்டி முன் நின்று தீவனம் போட்டேன். வாலைப் பார்க்கவில்லை. ஆட்டுக் காதை யார் தினமும் பார்க்கிறார்கள்?

அக்கா திரும்பி வந்ததும் தொட்டியைப் பார்த்துத் திகைத்து நின்றார்.

"எம் மீனு எது லே?"

"வெட்டு இல்லாததுதான் உங்களுதுக்கா."

அவர் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஒண்ணுலயும் வெட்டு இல்லியே."

அதற்குள் நண்பர்கள் கூடிவிட்டார்கள். ஆள் சேர்ந்தால் என் வாய் சும்மா இருக்காது. "பன்னெண்ட விட்டுட்டுப் போனீங்க, இருபத்தெட்டா நிக்கி. பிரசவம் இங்கனதான் நடந்திருக்கு போல," என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அக்கா கண்ணாடியில் விரலை வைத்து மீன்களை ஒவ்வொன்றாகத் தொடர்ந்துகொண்டிருந்தார்.

பேராசிரியர் வந்தார். "நீரு மீன் மேய்க்கவா வே வந்தீரு?" என்று என்னைக் கேட்டார். பிறகு அக்காவிடம், "கலந்த மீனு ஆராய்ச்சிக்கு ஆவாதும்மா. எல்லாத்தையும் பார்மலின்ல போட்டுரு. நேரம் இருந்தா முட்டையில இருந்து ஆரம்பி," என்றார். முட்டை வளர்ந்து முழு மீனாவதற்கு மூன்று மாதம் ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

நான் செய்கிறேன் என்று வலையை எடுத்தேன். அக்கா அதை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு மீனையும் ஐஸ் தண்ணீரில் விட்டு, மரத்துப்போகும்வரை காத்திருந்து, பிறகுதான் பார்மலினில் போட்டார். இருபத்தெட்டு தடவை காத்திருந்தார்.

பட்டம் இல்லாமலே போய், ஏரலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்தார்.

எனக்கு என்ன தண்டனை என்கிறீர்களா? நடந்ததை அப்படியே ஆய்வேட்டில் சேர்க்கச் சொன்னார் பேராசிரியர். 'முழுதாக வளர்ந்த வாலை, வெட்டியவனாலேயே அடையாளம் காண இயலவில்லை' என்று எழுதினேன். வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்த ஒரு வரியைத்தான் புகழ்ந்தார். பட்டம் கிடைத்தது.

ஆய்வேட்டின் நன்றியுரையில் அக்காவின் பெயரை முதலாவதாகப் போட்டிருந்தேன். தங்க எழுத்து பதித்த அட்டையோடு ஒரு பிரதியை எடுத்துக்கொண்டு ஏரலுக்கு பஸ் ஏறினேன். மத்தியான மணி அடித்ததும் வகுப்பிலிருந்து வெளியே வந்தார், கையெல்லாம் சாக்பீஸ் தூள். நன்றியுரைப் பக்கத்தை நானே விரித்து நீட்டினேன். படித்தார். அடுத்து அந்த ஒரு வரியைத் தேடி, அதையும் படித்தார்.

"எப்படி இருக்குக்கா?" என்று இளித்தேன்.

"எம் பேர வெட்டிரு."