'யிஃப்ட்' என்றொரு சொல்

ரெண்டு பக்கத்தாரும் நம்பாத ஒருவர் நடுவில் இருந்து கதைக்கிற வேலைதான் மொழிபெயர்ப்பு. இரண்டாயிரத்துக்குப் பிறகு, நோர்வே இலங்கைச் சமாதானப் பேச்சுக்கு நடுவில் நின்ற காலத்தில், ஒஸ்லோவில் அதைச் செய்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை.

புள்ளடி

யாழ்ப்பாணத்தில் ஆங்கில ரீச்சராக இருந்தவர் அந்தப் பெண். கணவரிடம் வந்து மூன்று கிழமை. பதிவு அலுவலகத்தில் கணவர் படிவம் நிரப்ப, மொழிபெயர்க்கப் போயிருந்த என் பக்கம் இவர் குனிந்தார். 'கிஃப்ட்' என்று எழுதியிருந்த கட்டத்தைக் கண்டுவிட்டார். நோர்வேஜிய மொழியில் அதை 'யிஃப்ட்' என்று வாசிக்க வேணும், கலியாணமானவர் என்று பொருள் என்றேன். என்னையும் கணவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சீதனம் ஒண்டும் வேண்டாம் எண்டு சொல்லித்தானே கட்டினவர், பிறகென்னத்துக்கு அன்பளிப்புக்குப் புள்ளடி போடுறார்?"

அகராதி

இங்கே நஞ்சுக்கும் அதே சொல்தான். ஏனென்று எங்களோடு வேலை செய்த ஜெர்மன்காரி உர்சுலாவைக் கேட்டேன். எல்லாம் 'கொடு' என்ற ஒரே வேராம். பெண்ணைக் கொடுத்தால் கலியாணம், கூடாத மருந்தைக் கொடுத்தால் நஞ்சு. ஆங்கிலேயர் அன்பளிப்போடு நின்றுவிட்டார்கள். சுவீடன்காரர் நோர்வேயைப் போல கலியாணம், நஞ்சு ரெண்டையும் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் அது நஞ்சு. ஆனால் சீதனத்துக்கு அவர்கள் சொல்கிற சொல்லின் வாலிலும் இதே 'கிஃப்ட்' ஒட்டியிருக்கிறதாம். என்னைப் பேய்க்காட்டுகிறார் என்று நினைத்து நூலகத்தில் தடித்த அகராதியைப் புரட்டினேன். அத்தனையும் உண்மை. மறுநாள் அதை ஒப்புக்கொண்டபோது உர்சுலா சிரிக்கவில்லை. "என் கலியாணத்துக்கு லண்டனிலிருந்து அந்தச் சொல் எழுதின பெட்டி வந்தது. என் மாமியார் கடைசிவரை அதைத் தொடவில்லை."

சிவப்புப் பழம்

ஒஸ்லோவுக்குப் பக்கத்தில், லோறென்ஸ்கூக்கில் ஒரு தகப்பன். மனைவி பிரிந்து பேர்கனுக்குப் போய்விட்டார். நாலு வயது மகள் வீட்டுக்குப் பின்னால் ஏதோ சிவப்புப் பழம் தின்று சத்தி எடுக்க, ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்தார். என்ன பழம் என்று டொக்டர் கேட்டார். தெரியாது என்றார். டொக்டர் தொலைபேசியில் 'யிஃப்ட்' 'யிஃப்ட்' என்று யாரோடோ கதைக்க, தகப்பனின் முகம் இறுகியது. அவருக்குத் தெரிந்த யிஃப்ட் படிவத்தில் வருவது மட்டும். குடும்பம் பிரிந்ததை விசாரித்துப் பிள்ளையைப் பறிக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டார். டொக்டரிடம் அனுமதி கேட்டு, அவர்கள் கேட்பது கலியாணத்தை இல்லை, நஞ்சைப் பற்றி என்று சொன்னேன்.

தகப்பன் ஜாக்கெற்றுக்குள் கைவிட்டு, நசிந்த நாலு பழங்களை எடுத்து மேசையில் வைத்தார். பழி தன்மேல் வருமென்று ஒளித்து வைத்திருந்தார். அதைக் கண்ட பிறகுதான் டொக்டருக்கு என்ன மருந்து என்று தெரிந்தது. அடுத்த நாளும் என்னைக் கூப்பிட்டார்கள். பிள்ளை எழும்பி இருந்து பால் குடித்துக்கொண்டிருந்தது. தகப்பன் வாசல்வரை வந்து மெதுவாகக் கேட்டார்: "தங்கச்சி, நேற்று நீங்கள் உண்மையாய்த்தான் மொழிபெயர்த்தனீங்களோ, இல்லாட்டி என்னைக் கதைக்க வைக்கச் சொன்னதோ?"

கலியாணத்தையும் நஞ்சையும் பிரித்துக் காட்டியே என் உத்தியோக காலத்தில் பாதி போய்விட்டது.