செத்தவீட்டில் ஒரு சாண்ட்விச்

நோர்வேயில், புருசெத்தில் எங்கள் எதிர்வீட்டில் ஓர் அயர்லாந்துத் தம்பதி, பிள்ளைகள் இல்லை. ஒரு மார்கழியில் அந்த மனுசன் போய்ச் சேர்ந்துவிட்டார். மனைவி வந்து என் கையைப் பிடித்தாள். அவள் நோர்வே மொழியில் சொன்னதை என் தமிழில் சொன்னால் இதுதான்: "நாளைக்கு அவரை வீட்டை கொண்டுவாறன். எங்கடை முறைப்படி ஊரே வந்து சாப்பிட்டு, குடிச்சு, அவரைப் பற்றிக் கதைச்சுச் சிரிச்சு அனுப்பவேணும். இஞ்சை ஆர் வருவினம்?"

எங்கள் சனத்தைப் பற்றித் தெரியாமல் கேட்கிறாளே! கலியாணத்துக்குச் சொன்னால்தான் போவோம், செத்தவீட்டுக்குக் கேள்விப்பட்டாலே போதும். போனை எடுத்தேன். ரொம்மன், ஹவுகெட்டோ என்று எங்கள் சனம் இருக்கிற பக்கமெல்லாம் ஒருவரையும் விடவில்லை.

மறுநாள் அவள் வாசலில் கழற்றிவிட்ட சப்பாத்துகள் படிக்கட்டு வரை போய்விட்டன. உள்ளே கண்ணாடியை மூடி, மணிக்கூட்டை நிறுத்தி, ஆவி போகட்டும் என்று அந்தக் குளிரிலும் யன்னலைத் திறந்து வைத்திருந்தாள். நடுவில் பெட்டி. மேசை நிறையச் சாண்ட்விச்சும் விஸ்கியும். வந்த கூட்டத்தைக் கண்டு அவள் முகத்தில் அப்படியொரு மலர்ச்சி!

ஆனால் ஒருவரும் மேசைப் பக்கம் போகவில்லை. பிரேதம் கிடக்கிற வீட்டில் எங்களுக்குப் பச்சைத்தண்ணீரும் இறங்காதே. ஐயோ, இதை எப்படி மறந்தேன்! அவள் தட்டை ஒவ்வொருவரிடமும் நீட்டினாள். எல்லோரும் தலையாட்டி மறுத்தார்கள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"இவையளுக்கு அவரிலை ஏதும் கோவமோ?"

ஒரு சாண்ட்விச்சை எடுத்துக் கடித்தேன்.

"என்ன பிள்ளை இது, பெட்டி கிடக்குது!" என்றார் என் மாமியார்.

"மாமி, இவையின்ரை முறையிலை சாப்பிடாட்டித்தான் செத்தவருக்கு மரியாதையில்லை."

மாமி பெட்டியை எட்டிப் பார்த்தார். "போன வருசம் என்ரை மரக்கறிப் பையைத் தூக்கிக்கொண்டு வந்து, பனியிலை சறுக்கி விழுந்திட்டு, எழும்பாமல் கிடந்து சிரிச்ச மனுசனெல்லே இவர்?"

"ஓம் மாமி."

"அப்ப எனக்கும் ஒண்டு தா."

மாமி சொன்னதை நான் அவளுக்கு மொழிபெயர்த்தேன். வெடித்துச் சிரித்தாள், கண்ணீர் கொட்டக் கொட்டச் சிரித்தாள். அவ்வளவுதான், மேசையைச் சுற்றி ஒரே கை. கத்தரிக்காய் உருண்டோடிய கதையை மாமி கையை ஆட்டி ஆட்டிச் சொல்ல, வீடே அதிர்ந்தது.

அவள் பெட்டிக்குள் குனிந்து, தங்கள் பாஷையில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாய் என்று கேட்டேன்.

"இஞ்சை இருக்க இடமில்லையப்பா, அவ்வளவு சனம் எண்டு சொன்னனான்."