வளைவில் காயவைத்த நெல்

தார்ச்சாலையில் நெல் காய்வதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அப்போது நன்னிலம் பக்கத்தில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்தேன். துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் வீட்டுக்கு ஒருவர் கிளம்பிக்கொண்டிருந்த காலம். வெல்டரான என் அண்ணனுக்கும் துபாய் விசா வந்து, மெடிக்கல் முடிந்து, டிக்கெட்டும் கைக்கு வந்துவிட்டது.

குறுவை அறுவடை நேரம் அது. நெல்லில் ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதனால் ஊரே ரோட்டில்தான் காயவைக்கும். என் வீட்டுக்காரர் பிடித்த இடம் வாய்க்கால் ஓரத்து வளைவு. அங்கே மர நிழல் கிடையாது, ரோடு ஒரு பக்கம் சரிந்திருப்பதால் தண்ணீரும் நிற்காது. மகா புத்திசாலி! அந்த வாரம்தான் அதே வளைவை உதாரணம் காட்டி வட்ட இயக்கம் நடத்தியிருந்தேன். வளைவில் வண்டியைத் திருப்புவது டயருக்கும் தாருக்கும் நடுவில் உள்ள உராய்வு. அது இல்லையென்றால், ஹேண்டில்பாரை எப்படி ஒடித்தாலும், நியூட்டன் சொன்னபடி வண்டி நேராகத்தான் போகும் என்று கரும்பலகையில் படம் போட்டவள் நான்.

"வளைவுல வேணாங்க, வண்டி வழுக்கும்" என்றேன்.

"பாடத்த பள்ளிக்கூடத்தோட வச்சுக்க. சாயங்காலம் மழை வரும்போல இருக்கு, அதுக்குள்ள காஞ்சாகணும்" என்றார்.

வெயில் அடித்தாலும் மேற்கே வானம் கறுத்துத்தான் இருந்தது. நானும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நெல்லைப் பரப்பினேன். அதை நினைக்கும்போது அவர்மேல் வருவதைவிட என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

மத்தியானம், பயணம் சொல்லிக்கொண்டு போக வந்த அண்ணனின் பைக் அந்த நெல்மேல் ஏறியது. திரும்பவில்லை. நேராக வாய்க்கால் மதகில் போய் மோதியது. அண்ணனின் வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. துபாயும் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்த ஊர், "என்ன வேகத்துல வந்தாரோ" என்றது. நெல்லைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அவரவர் நெல்லும் ரோட்டில்தானே கிடந்தது! கட்டுப்போட்ட காலோடு அண்ணன் என்னைத்தான் கேட்டார்: "நீ பிசிக்ஸ் டீச்சராச்சேம்மா, சொல்லு. முப்பதுலதான் வந்தேன். அது வேகமா?"

வீட்டுக்காரர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வளைவுக்கு முப்பது ஒன்றுமே இல்லை.

"கொஞ்சம் வேகந்தாண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு அவர் யாரிடமும் கேட்கவில்லை. இப்போது உள்ளூர்ப் பட்டறையில் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே இரும்பு கேட்டுகளுக்கு வெல்டிங் வைக்கிறார். ஸ்கூட்டரை எடுக்கும் மகளிடம் ஒவ்வொரு தடவையும் சொல்கிறார்: "வேகமா வந்துதான் நான் கெட்டேன். வேணும்னா அத்தையக் கேளு, அவ டீச்சரு."

அவள் என்னைப் பார்க்கிறாள். நான் தலையாட்டுகிறேன்.