நான் கை நீட்டி வாங்காத சாவி

ஆரணியில் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளை அழைப்புக்கு வேலூரிலிருந்து திறந்த காரை வாடகைக்குக் கொண்டுவருவார்கள். சொந்தத் திறந்த காரில், தன் கையாலேயே ஓட்டி மாப்பிள்ளையைக் கூட்டிவந்தவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். இதை ஆயிரம் பேரிடம் சொல்லியிருப்பேன். அந்தக் காரை வாங்கிய கதையையும் சொல்வேன். ஆனால் சொல்லும்போதெல்லாம் ஓர் இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுவேன். இப்போது எழுத உட்கார்ந்துவிட்டேன். குதிக்கக் கூடாது.

நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். லாரியில் கிளீனராக ஏறியவன். இருபத்தெட்டு வயதில் சொந்த லாரி, முப்பத்தைந்தில் மூன்று லாரி, சொந்தப் பட்டறை. ஊர் அரிசி ஆலைக்காரர்களும் பட்டு முதலாளிகளும் என் வண்டிக்குக் காத்திருந்த காலம் உண்டு. ஓடுகிற இன்ஜினைக் கேட்டே எந்த வால்வு தேய்ந்திருக்கிறது என்று சொல்வேன். எவனும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை. அப்பா செத்துப்போகும்போது எனக்கு இரண்டு வயது. அம்மாதான் அரிசி ஆலையில் நெல் புடைத்து வளர்த்தாள்.

எழுபதுகளின் கடைசியில் ஒருநாள் சேத்துப்பட்டுக்குப் பக்கத்தில் என் லாரி ஒன்று ஆக்சில் முறிந்து நின்றது. பட்டறை மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனாலும் என்னை முதலாளி என்றுதான் கூப்பிடுவார். குடிக்கத் தண்ணீர் கேட்டு ரோட்டோரம் ஒரு பெரிய வீட்டின் பின்பக்கமாகப் போனோம். மாடு இல்லாத மாட்டுக்கொட்டகை. உள்ளே மணிலாக்கொட்டை மூட்டைகள். மூட்டைகளுக்கு நடுவில் ஒரு சக்கரம். சைக்கிள் சக்கரம் மாதிரி கம்பி கம்பியாக. நடுவில் இரண்டு காது வைத்த நட்டு. மேஸ்திரி சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"மொதலாளி, இங்க வாங்க. வெள்ளக்காரன் ரேஸ் வுட்ட வண்டி மாதிரி கீது!"

இரண்டே சீட்டு. தலைக்கு மேல் கூரை கிடையாது, கித்தான் மட்டும். அதையும் எலி தின்றிருந்தது. தாழ்ந்த கதவு. நீளமான பானட், அதன் மேல் தோல் வார். கோழி ஒன்று டிரைவர் சீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்தது. என் பெண்ணுக்கு அப்போது பதினாறு வயது. இந்த வண்டியில் அவள் மாப்பிள்ளை மாலையோடு உட்கார்ந்து பஜார் வீதியில் வருவதை அங்கேயே பார்த்துவிட்டேன்.

வீட்டுக்குச் சொந்தக்காரர் ஒரு டாக்டரின் மனைவி. டாக்டர் காலமாகி ஆறேழு வருஷம். வெளுத்த நூல் புடவை, வெறும் நெற்றி. வெள்ளைக்காரத் துரை ஒருவர் ஊருக்குப் போகும்போது டாக்டர் வாங்கிய வண்டி அது. சுற்றுக் கிராமமெல்லாம் அதில்தான் வைத்தியத்துக்குப் போவாராம். அந்த அம்மா பேசிக்கொண்டே தோல் வாரை ஒரே இழுப்பில் அவிழ்த்து பானட்டைத் தூக்கினார். மேஸ்திரி என்னைப் பார்த்தார்.

"உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா?"

"செஞ்சி ரோட்டுல மட்டும் ஓட்டுவேன். ஊரு வந்தா எறங்கி அவர்கிட்ட குடுத்துடுவேன்" என்று சிரித்தார்.

நான் விலை கேட்டேன். அவர் விலை சொல்லாமல் வேறொன்று கேட்டார்.

"மெட்ராஸ்லேர்ந்து ஒருத்தர் வந்தார். உங்களவிடக் கூடவே தருவார். ஆனா பிரிச்சுப் பிரிச்சு விக்கறதுக்காம். நீங்க என்ன பண்ணுவீங்க?"

"ஓட்டறதுக்குத்தாம்மா கேக்கறேன். இத ஓட வெக்கலன்னா நான் மெக்கானிக்கே இல்ல."

"அப்ப நீங்களே எடுத்துக்குங்க. ஓட ஆரம்பிச்சதும் ஒரு தரம் இங்க கொண்டாங்க. செஞ்சி ரோடு வரைக்கும் ஒக்காந்து போயிட்டு வரணும். அவர் போனப்புறம் அந்தச் சத்தத்தக் கேக்கவே இல்ல. வேற ஒண்ணும் வேணாம்."

"மொத சவாரியே உங்களுக்குத்தாம்மா!" பானட்டில் ஓங்கித் தட்டிச் சொன்னேன். மெட்ராஸ்காரனுக்குக் கிடைக்காதது எனக்குக் கிடைத்தது அந்த ஒரு வார்த்தைக்காகத்தான்.

நாள் பார்த்து, அடுத்த வாரம் வெற்றிலை பாக்கு பழத்தோடு லாரி எடுத்துக்கொண்டு போனேன். நான்கு பேர் பலகை போட்டுத் தள்ளி வண்டியை லாரியில் ஏற்றினார்கள். அந்த அம்மா வாசலில் நின்றார். சந்தோஷத்தில் நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"எம் பொண்ணு கல்யாணத்துக்கு மாப்ள ஊர்கோலம் இதுலதாம்மா."

அவர் முகம் மாறியது. "ஊர்கோலத்துக்கா? வேணாங்க. கல்யாணத்துக்கு இது ஆகாது. கொதிச்சு நின்னுடும். இது..."

மேலே என்னவோ சொல்ல வந்தார். நான் விடவில்லை. கல்யாணம் என்று வாயெடுக்கும்போதே 'ஆகாது', 'நின்னுடும்' என்று, அதுவும் எந்த வாயிலிருந்து! அவர் சாவியை நீட்டினார். சின்னச் சாவி, அதில் தேய்ந்த தோல் துண்டு ஒன்று தொங்கியது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கல்யாண காரியத்துக்கு எடுக்கறதும்மா. சாவிய யாராவது சுமங்கலி கையால குடுக்கச் சொல்லுங்க."

இதுதான் நான் குதிக்கிற இடம்.

நீட்டிய கை அப்படியே நின்றது. நான்கு ஆட்கள், மேஸ்திரி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த அம்மா கையை மூடிக்கொண்டார். குரலில் ஒரு மாற்றமும் இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்து, "ஏம்மா, கொஞ்சம் வந்துட்டுப் போயேன்" என்று கூப்பிட்டார். பக்கத்து வீட்டு மருமகள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சாவியைத் தட்டில் வைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார். அந்தப் பெண் என்ன ஏது என்று தெரியாமல் தட்டை நீட்டினாள். நான் சாவியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

லாரி ஊர் எல்லையைத் தாண்டியது. மேஸ்திரி சொன்னார்: "அந்தம்மா வண்டியப் பத்தி இன்னாவோ சொல்ல வந்தாங்க மொதலாளி. கேட்டிருக்கலாம்."

"நான் பாக்காத ரேடியேட்டரா? சும்மா வா."

வண்டியை எழுப்ப இரண்டு வருஷம் ஆனது. இதில் நான் பெருமைப்பட்டால் யாரும் குறை சொல்ல முடியாது. இன்ஜின் இறுகிக் கிடந்தது. பிளக் ஓட்டைகளில் எண்ணெய் ஊற்றி ஒரு மாதம் ஊறப்போட்டேன். தினமும் காலையில் ஒரு தரம் அசைத்துப் பார்ப்பேன். இருபத்தொன்பதாம் நாள் ஒரு நூலளவு அசைந்தது. மேஸ்திரியும் நானும் கட்டிப்பிடித்துக்கொண்டோம். கதவுக்குள் இருந்த மரச்சட்டம் செல்லரித்து மாவாகியிருந்தது. தறி செய்கிற ஆசாரியைக் கூட்டிவந்து தேக்கில் செய்தேன். பெயின்ட் வெயிலில் வெளுத்து என்ன நிறமென்றே தெரியவில்லை. சீட்டைக் கழற்றியபோது அடியில் உள்ளங்கை அகலத்துக்குப் பழைய நிறம் அப்படியே இருந்தது. அரக்கு. சாயம் போடுகிறவரிடம் காட்டினேன். அவர் நான்கு தரம் முக்கி, ஒரு பட்டு நூல் கண்டியை அதே நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். அதை மடியில் வைத்துக்கொண்டு மெட்ராஸ் போய், "இந்த நிறம் கலந்து குடு" என்று பெயின்ட் கடையில் நின்றேன். இந்த யோசனை படித்தவனுக்கு வருமா?

கல்யாணத்துக்கு இரண்டு மாதம் முன்பு வண்டி ஓடியது. வெறும் சத்தமா அது! பட்டறை ஆட்கள் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். என் அம்மாதான் ஞாபகப்படுத்தினாள்.

"சேத்துப்பட்டு அம்மாவுக்கு வாக்கு குடுத்தேன்னு சொன்னியே, போயி காட்டிட்டியாடா?"

"கல்யாணம் முடியட்டும்மா. மொத மொதல்ல மங்களமா ஓடட்டும்."

அம்மா முறத்தைக் கையில் எடுத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அழைப்பு அன்று சாயங்காலம் பஜார் வீதியில் நிற்க இடமில்லை. முன்னால் பேண்டு, இரண்டு பக்கமும் கேஸ் லைட்டு. கோட்டு, மாலையோடு மாப்பிள்ளை. பக்கத்தில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பட்டு வேட்டியில் நான். வண்டி நடை வேகத்தில், பேண்டு நிற்கிற இடத்திலெல்லாம் நின்று நின்று போனது. ஒரு காலத்தில் நான் மூட்டை தூக்கிய கடைகளின் வாசலில் எல்லாம் முதலாளிகள் எழுந்து நின்று பார்த்தார்கள். ஹாரன் அடித்து அடித்துப் போனேன்.

பாதி வீதியில், இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் ஏறத் தொடங்கியது. பார்த்தும் பார்க்காததுபோல் ஓட்டினேன். பஜார் முனையில் புஸ்ஸென்று ஆவி கிளம்பியது. பானட் இடுக்கெல்லாம் புகை. மாப்பிள்ளை மாலையோடு வெளியே குதித்தார். இன்ஜின் செத்துவிட்டது. பேண்டுக்காரர்கள் ஒன்றும் தெரியாமல் வாசித்துக்கொண்டே முன்னால் போய்விட்டார்கள்.

"இன்னா மாமா, மாப்ளக்கி வென்னீரு போட்டுட்டீங்களா?" என்றான் சம்பந்தி வீட்டுக்காரன் ஒருவன். வீதியே சிரித்தது. மாப்பிள்ளை மண்டபம்வரை நடந்து வந்தார். பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு நாங்கள்.

மண்டபத்தில் நுழைந்ததும், சொந்தம் சுற்றம் எல்லாம் கேட்கக் கத்தினேன். "எல்லாம் அந்த சேத்துப்பட்டுக்காரி வாய் வச்சதுதான்! தாலி அறுத்தவ வாய் சும்மா போவுமா?"

மேஸ்திரி மட்டும் மெதுவாகச் சொன்னார். "வாயி இல்ல மொதலாளி. இது பறக்கற வண்டி. எதுர் காத்துலதான் ரேடியேட்டரு ஆறும். நடக்க வுட்டா கொதிக்கும். அத்தத்தான் அந்தம்மா சொல்ல வந்தாங்க."

அவர் பக்கம் திரும்பினேன். தூணுக்குப் பின்னால் என் அம்மா நின்றிருந்தாள். வரிசைத் தட்டுகளுக்கு எதிரில் வராமல், எப்போதும் ஒதுங்கி நிற்கிற இடத்தில். அவள் கிட்டே வந்தாள்.

"ஏண்டா, அப்ப நானும் மண்டபத்த வுட்டு வெளிய போயிடட்டுமா?"

கேட்டது அவ்வளவுதான். அழவில்லை, கோபிக்கவில்லை. சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டாள். மறுநாள் காலை முகூர்த்தத்தின்போதும் அங்கேதான் இருந்தாள். பேத்தி கழுத்தில் தாலி ஏறியதை அவள் பார்க்கவில்லை. கெட்டிமேளம் மட்டும் கேட்டிருக்கும். பத்தடி தூரம். நான் போய்க் கூப்பிடவில்லை.

ஆறு மாதம் வண்டி பட்டறையில் சும்மா கிடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, "கெளம்பும்மா, சேத்துப்பட்டு போலாம்" என்றேன்.

"ரெண்டு சீட்டு வண்டிடா அது. ஒண்ணு அந்தம்மாவுக்குச் சொன்னது. நீ போ" என்றாள்.

காலிச் சீட்டோடு போனேன். வீட்டு வாசலில் நிறுத்துவதற்கு முன்பே அந்த அம்மா வெளியே வந்துவிட்டார். சத்தம் போதும் அவருக்கு.

"ஆஃப் பண்ணாதீங்க. கொஞ்சம் ஓடட்டும்."

நின்று கேட்டார். நிறத்தைப் பார்த்துவிட்டு, "இதேதான், இதேதான்" என்றார். பானட்டைத் தொடக் கையைக் கொண்டுபோனார். ஒரு சாண் இடைவெளியில் கை நின்றது. பிறகு மதில் பக்கம் திரும்பினார்.

"ஏம்மா, கொழந்தையத் தூக்கிகினு வா. வண்டி வந்திருக்கு. மொதல்ல நீ ஒக்காந்து ஒரு ரவுண்டு போயிட்டு வா."

"நானாம்மா? நீங்கதான ஆசப்பட்டீங்க?"

"கல்யாண வண்டிடி. நீ ஏறு." என் பக்கம் திரும்பி, "பொண்ணு நல்லா இருக்காளா?" என்று கேட்டார். குத்தலாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே கேட்டார்.

எத்தனை செக்போஸ்ட், எத்தனை தகராறு, எங்கேயும் அடைக்காத வாய் எனக்கு. 'நீங்க ஏறுங்கம்மா' என்ற இரண்டு வார்த்தை வரவில்லை. அந்தப் பெண்ணையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு செஞ்சி ரோட்டில் போய்த் திரும்பினேன். குழந்தை வழியெல்லாம் சிரித்தது. திரும்பி வரும்வரை அந்த அம்மா அதே இடத்தில் நின்றிருந்தார்.

அப்போதுதான் வாய் திறந்தது. "நீங்க வாங்கம்மா."

"இருக்கட்டுங்க. சத்தம் கேட்டுட்டேன். அதுக்குத்தான கேட்டேன்." இரண்டடி பின்னால் தள்ளி நின்றுகொண்டார். "பாத்துப் போங்க. நிறுத்தாம போனீங்கன்னா ஒண்ணும் ஆகாது."

சாவியை அவர் கையில் கொடுத்து, 'நீங்களே ஓட்டுங்கம்மா' என்று சொல்லியிருக்க வேண்டும். இது எனக்குப் பாதி வழி வந்த பிறகுதான் தோன்றியது. திரும்பிப் போயிருக்கலாம். அரை மணி நேரத் தூரம்தான். போகவில்லை. ரோடு நேராகக் கிடந்தது. எதிர்க்காற்று முகத்தில் அடித்தது. ஆரணி வந்து சேரும்வரை முள் நடுவைத் தாண்டவே இல்லை.